லேப் மாணவர்கள் வேலையிடத்தில் பேசக் கற்றுக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பயிற்சிக்குப் போன மூன்றாவது நாள். சீனியர் க்ளவுஸ் கையோடு சென்ட்ரிஃப்யூஜில் டியூப்களைச் சமன் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறார். மேசையில் போன் அடிக்கிறது. "நீயே எடு" என்று தலையாட்டுகிறார். எடுத்தால், மறுமுனையில் ஒருவர் மூச்சு விடாமல் ஒரு பெயர், ஒரு படுக்கை எண், ஒரு டெஸ்ட் பெயர் சொல்லி "வந்துருச்சா?" என்கிறார். உங்களுக்கு வேர்க்கிறது. ஹீமோகுளோபின் எப்படி அளப்பது என்று பக்கம் பக்கமாகப் படித்தவர்தான் நீங்கள், ஆனால் இந்தப் போனுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு வகுப்புகூட நடந்ததில்லை.

ஒருவேளை நடந்திருக்கலாம், "கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்" என்ற பெயரில். கைகுலுக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. அதெல்லாம் தப்பில்லை, இன்டர்வியூவுக்கு உதவும். லேபுக்குள் தேவைப்படுவது வேறு. அங்கே பேச்சும் டெஸ்டில் ஒரு பகுதி. சாம்பிளைச் சரியாக எடுத்து, கருவியைச் சரியாக ஓட்டி, க்யூசி (கருவி சரியாக அளக்கிறதா என்ற தரச் சோதனை) எல்லாம் பார்த்து, 6.8 என்று வந்த பொட்டாசியத்தைப் போனில் சொல்லும்போது கேட்பவர் 4.8 என்று எழுதிக்கொண்டால், அதுவரை செய்த அத்தனையும் வீண். நோயாளியைப் பொறுத்தவரை அது தப்பான ரிசல்ட்தான்.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உண்மையில் இது அவர்களுக்குச் சாதகமான விஷயம். சரளமாகப் பேசும் திறமை இங்கே பெரிதாகத் தேவையில்லை. பைப்பெட் பிடிக்க எப்படிக் கற்றோமோ, முதலில் வெறும் தண்ணீரை வைத்து, பிறகு சாயத்தை வைத்து, கை பழகும்வரை, அதே மாதிரி இதையும் பழகலாம். நன்றாக வாயாடும் பையன்கள் ரிசல்ட் சொல்லும்போது சொதப்புவதையும், யாரிடமும் பேசாத ஒரு பெண் வார்டுக்குப் போன் செய்து ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நான் மருத்துவ லேபில் இருந்தவன், அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். தண்ணீர்ப் பரிசோதனை, உணவு, மருந்து, சிமென்ட் என்று எந்த லேபில் இருந்தாலும் சாம்பிளின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: உங்களுக்கு எதுவரை அனுமதி என்று கேளுங்கள்

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது, பெரும்பாலானோர் கேட்பதில்லை. "நான் போன் எடுக்கலாமா? எடுத்தால் ரிசல்ட் சொல்லலாமா? சாம்பிள் வேண்டாமென்று திருப்பி அனுப்பலாமா? ரிஜிஸ்டரில் எழுதலாமா, எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்?" பல லேப்களில் மாணவர் ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது. அப்படியென்றால் போன் வந்ததும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நான் ட்ரெய்னி பேசறேன், ஒரு நிமிஷம் இருங்க, டெக்னீஷியனைக் கூப்பிடறேன்." தான் ட்ரெய்னி என்று சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை, அதை மறைத்தால்தான் வம்பு.

அப்புறம் ஒரு தாளில், எதற்கு யாரிடம் போக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கருவி சத்தம் போட்டால் யார், ரீஏஜென்ட் (டெஸ்டுக்கான ரசாயனம்) தீர்ந்தால் யார், ரிசல்ட்டில் சந்தேகம் வந்தால் யார், ஊசி குத்திவிட்டால் யார், இரவில் இவர்கள் இல்லாவிட்டால் யார். பாதி பேர் பேசத் தெரியாமல் திணறுவதில்லை, யாரிடம் பேசுவதென்று தெரியாமல் திணறுகிறார்கள்.

இரண்டாவது படி: வாயைத் திறக்கும் முன் காதைப் பழக்குங்கள்

சீனியர் ஒரு வேலையைச் சொல்லும்போது "சரி சார், சரி சார்" என்று தலையாட்டுவது நம் எல்லோருக்கும் வரும். மரியாதை என்று நினைத்துத்தான் ஆட்டுகிறோம். திரும்பி நாலடி நடந்ததும் பாதி மறந்திருக்கும், மீதி தப்பாகப் புரிந்திருக்கும்.

ஒரு சின்ன உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். "அந்த சீரத்தை ஒன்றுக்குப் பத்து டைல்யூட் பண்ணி ஓட்டு" என்கிறார். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவம், அதைச் சலைன் என்ற உப்புநீர் ஊற்றி நீர்க்கச் செய்ய வேண்டும், எளிமையான வேலை. ஆனால் 1:10 என்பதைச் சிலர் மொத்தம் 10 பங்கில் 1 பங்கு சாம்பிள் என்று எடுத்துக்கொள்வார்கள், அதாவது 100 மைக்ரோலிட்டர் சீரத்தோடு 900 மைக்ரோலிட்டர் சலைன். வேறு சிலர் 1 பங்கு சாம்பிளுக்கு 10 பங்கு சலைன் என்று எடுத்துக்கொண்டு 1000 சேர்ப்பார்கள், அது மொத்தம் 11 பங்கு. இப்படி 11 பங்காகக் கலக்கிவிட்டு, கடைசியில் ரிசல்ட்டை 10-ஆல் பெருக்கினால் விடை சுமார் 9 சதவீதம் குறைவாக வரும். கருவி ஒன்றும் சொல்லாது, க்யூசி பிடிக்காது, யார் கண்ணிலும் படாது. அந்த 9 சதவீதப் பிழை பிறந்தது பைப்பெட்டில் இல்லை, ஒரு "சரி சார்" என்பதில்.

அதனால் பழக வேண்டிய வழக்கம்: கையில் குட்டி நோட்டு, சொல்லச் சொல்ல எழுதுங்கள், முடிந்ததும் உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "100 மைக்ரோலிட்டர் சீரம், 900 சலைன், மொத்தம் 1000, ரிசல்ட்டை 10-ஆல பெருக்கணும். சரிதானே சார்?" திருப்பிச் சொல்வது கிளிப்பிள்ளை மாதிரி அவர் சொன்னதையே ஒப்பிப்பதில்லை. அவர் "ஒன்றுக்குப் பத்து" என்றதற்கு நீங்களும் "ஒன்றுக்குப் பத்து சார்" என்றால் தப்பு அப்படியே பத்திரமாக இருக்கும். அவர் சொன்னதை, நீங்கள் செய்யப்போகும் அளவாகவும் நேரமாகவும் மாற்றிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் எங்கே பிசகுகிறது என்று அவருக்குத் தெரியும்.

"கொஞ்ச நேரம்", "லேசா", "நல்லா கலக்கு", "சீக்கிரம் வை" போன்ற வார்த்தைகள் காதில் விழுந்தால் அதை மணியடித்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை தடவை கவிழ்க்க வேண்டும், எந்த வெப்பநிலை என்று கேட்டே ஆக வேண்டும். சலித்துக்கொள்பவர் சலித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது படி: கேள்வி கேட்கும் விதமும் நேரமும்

"சார், இது புரியல" என்பது கேள்வி இல்லை. எதைப் பார்த்தீர்கள், என்ன நினைக்கிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள், இந்த மூன்றும் உள்ளே இருந்தால்தான் பதில் சொல்பவருக்கு எளிது. இப்படி: "மேடம், இந்த சாம்பிள்ல பொட்டாசியம் 8.2 வருது, கால்சியம் 4.9 தான் வருது. க்யூசி ரெண்டும் ஓகே. ஹீமோலிசிஸ் கண்ணுக்குத் தெரியல. இடிடிஏ டியூப்ல இருந்து ரத்தம் இதுல கலந்திருக்குமோன்னு தோணுது. புது சாம்பிள் கேக்கலாமா?"

ஹீமோலிசிஸ் என்றால் ரத்த அணுக்கள் உடைவது. இடிடிஏ என்பது ரத்தம் உறையாமலிருக்க சில டியூப்களில் போடும் பொருள். அந்த டியூபில் இருப்பது அதன் பொட்டாசிய உப்பு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பொட்டாசியம் எகிறி கால்சியம் விழும். இதைத் தெரிந்த மாணவர் இப்படிக் கேட்டால் மேடத்துக்கு வேலை பத்து வினாடிதான். தெரியாத மாணவரும் கேட்கலாம், "ரெண்டும் சேர்ந்து வினோதமா இருக்கு, ஏன்னு தெரியல" என்றாலே போதும். உங்கள் ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகத்தை ஊகமாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நேரம் முக்கியம். 96 குழி தட்டில் ஒருவர் வரிசையாகச் சொட்டுவிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் "அக்கா, ஒரு டவுட்" என்றால் அவர் எந்தக் குழியில் இருந்தார் என்பது போயிற்று, சில சமயம் தட்டே போயிற்று. அவர் பார்வை படும் இடத்தில் நில்லுங்கள், நிமிரும்வரை காத்திருங்கள். விதிவிலக்கு ஒன்றுதான், ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்காவது படி: எண்ணைச் சொல்வது ஒரு தனிக் கலை

தொலைபேசியில் பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் சொன்னால் ஒன்று போலக் கேட்கும், ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. இதற்கு மருந்து எளிது: முதலில் முழு எண்ணாகச் சொல்லுங்கள், பிறகு இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். "ஐம்பது, ஐந்து பூஜ்யம்." தசமத்துக்கு "புள்ளி" அல்லது "பாயின்ட்" என்பதை விழுங்காமல் சொல்லுங்கள், "ஆறு புள்ளி எட்டு". "ஆறு எட்டு" என்று சுருக்கினால் கேட்பவர் காதில் அது அறுபத்தெட்டாகவும் விழும்.

எழுதும்போது புள்ளிக்கு முன்னால் வெறுமையாக விடாதீர்கள். .5 என்று எழுதினால் புள்ளி மங்கிப்போய் 5 ஆகிவிடும், அதனால் 0.5. பின்னால் போடும் பூஜ்யம் கதை கொஞ்சம் வேறு. மருந்து அளவு எழுதும்போது 5.0 என்று எழுதக் கூடாது, 50 என்று படித்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், சரிதான். ஆனால் லேப் ரிசல்ட்டில் 4.0 என்று வந்தால் அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் உண்டு, கருவி எவ்வளவு நுணுக்கமாக அளந்தது என்பதை அது சொல்கிறது, அதை வெட்ட வேண்டியதில்லை. இரண்டு விதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

அலகு இல்லாத எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். ரத்தச் சர்க்கரை 10 என்றால் மில்லிமோல் கணக்கில் அது சாப்பிட்ட பிறகு சர்க்கரை நோயாளிகள் பலருக்கு வரக்கூடிய அளவு, மில்லிகிராம் கணக்கில் சொன்னால் 180. அதே 10-ஐ ஒருவர் மில்லிகிராம் என்று நினைத்தால் நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். பெரிய பெரிய ஆட்களே இதில் விழுந்திருக்கிறார்கள்: 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனதற்குக் காரணம், ஒரு குழு பவுண்டு கணக்கில் கொடுத்த தள்ளுவிசை எண்களை இன்னொரு குழுவின் மென்பொருள் நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டதுதான்.

ஐந்தாவது படி: அவசர ரிசல்ட்டைப் போனில் சொல்வது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உடனே சிகிச்சை தராவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற அளவில் வரும் ரிசல்ட்டுகளுக்கு 1972-இல் ஜார்ஜ் லண்ட்பர்க் என்ற நோயியல் மருத்துவர் "பேனிக் வேல்யூ" என்று பெயர் வைத்தார், இப்போது பெரும்பாலும் "கிரிட்டிகல் வேல்யூ" என்கிறோம். ஒவ்வொரு லேபிலும் இதற்கு ஒரு பட்டியல் உண்டு, எந்த டெஸ்டில் எதற்கு மேல் போனால், எதற்குக் கீழே போனால், எத்தனை நிமிடத்துக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று. உங்கள் லேபின் பட்டியலைத் தேடிப் பிடித்துப் படியுங்கள், நெட்டில் கிடைப்பதை நம்பாதீர்கள், இடத்துக்கு இடம் எல்லை மாறும்.

நான் பயிற்சியில் இருந்தபோது செய்த கூத்தைச் சொல்கிறேன். பொட்டாசியம் 6.9. எனக்குப் படபடப்பு. சீனியர் பக்கத்து அறையில். நானே வார்டுக்குப் போன் போட்டேன், யாரோ எடுத்தார்கள், "பொட்டாசியம் ஜாஸ்தி, ஆறு ஒன்பது" என்றேன், "சரி சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அதே வார்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் போன் செய்து "அந்தப் பேஷன்ட் பொட்டாசியம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். முன்பு போனை எடுத்தது வேறு ஏதோ வேலையாக அந்த மேசைப் பக்கம் வந்தவர். நான் யாரிடம் சொன்னேன் என்று பெயர் இல்லை, நேரம் இல்லை, ரிஜிஸ்டரில் ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு சீனியர் வந்து டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார், சீரம் செக்கச் சிவப்பாக இருந்தது, ரத்த அணுக்கள் உடைந்து உள்ளே இருந்த பொட்டாசியம் எல்லாம் வெளியே வந்திருக்கிறது. திரும்ப எடுத்த சாம்பிளில் 4.3. அனுமதி இல்லாமல் சொன்னேன், சாம்பிளைப் பார்க்காமல் சொன்னேன், ஆள் தெரியாமல் சொன்னேன். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட வரிசை இது. போனைத் தொடும் முன் ரிசல்ட்டும் சாம்பிளும் சரியா, சொல்ல எனக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது. முன்னால் தாளும் பேனாவும். முதலில் நான் யார், எங்கிருந்து. பிறகு அங்கே யார், பெயரும் பொறுப்பும். பிறகு நோயாளியின் அடையாளம் இரண்டு, பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் (படுக்கை எண் அடையாளம் ஆகாது, ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்). பிறகு டெஸ்ட், எண், அலகு, சாம்பிள் எடுத்த நேரம். கடைசியாக, திருப்பிச் சொல்லச் சொல்வது. நடைமுறையில் இப்படி இருக்கும்:

"லேப்ல இருந்து ட்ரெய்னி பேசறேன், டெக்னீஷியன் பக்கத்துல இருக்காங்க. ஒரு கிரிட்டிகல் ரிசல்ட் சொல்லணும். யார் பேசறீங்க?"

"ஸ்டாஃப் நர்ஸ்தான், சொல்லுங்க."

"உங்க பேர் சொல்லுங்க சிஸ்டர், எழுதிக்கறேன். … பேஷன்ட் பேரும் பதிவு எண்ணும் சொல்றேன், சரிபார்த்துக்கோங்க. … பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு, ஆறு, புள்ளி, எட்டு, மில்லிமோல் பெர் லிட்டர். காலைல 7:40-க்கு எடுத்த சாம்பிள். ஹீமோலிசிஸ் இல்ல. எழுதிட்டு ஒரு தடவை திருப்பிப் படிச்சிடுங்க சிஸ்டர்."

"ஓகே, நோட் பண்ணிட்டேன்."

இங்கேதான் எல்லோரும் போனை வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள். "ஒரு தடவை படிச்சிடுங்க சிஸ்டர், ரிஜிஸ்டர்ல எழுதணும்" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். "ரிஜிஸ்டர்ல எழுதணும்" என்பது மந்திரம் மாதிரி வேலை செய்யும், நீங்கள் அவரை நம்பவில்லை என்ற எண்ணம் வராது, விதி கேட்கிறது என்றாகிவிடும். அவர் படித்ததும் யார், எத்தனை மணிக்கு, என்ன மதிப்பு, திருப்பிப் படித்தாரா என்று எழுதி முடித்த பிறகுதான் அடுத்த டியூபைத் தொட வேண்டும்.

எண்ணைச் சொல்வதைவிடச் சிக்கலான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தால், கருவி நின்றுபோனது, ரிசல்ட் தாமதம், ஒரே நோயாளிக்கு இரண்டு சாம்பிளில் இரண்டு ரத்தப் பிரிவு, இப்படி ஏதாவது வந்தால், எஸ்பார் (SBAR) என்ற வரிசை உதவும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த முறை. இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன், நாலே பாகம். நம் பழக்கம் இதற்குத் தலைகீழ். "சார், காலைல நான் வந்தப்ப நல்லாத்தான் ஓடுச்சு, அப்புறம் ரீஏஜென்ட் மாத்தினோம், அப்புறம்…" என்று கதையை ஆதியிலிருந்து தொடங்குவோம். "சார், அனலைசர் நின்னுடுச்சு, 12 சாம்பிள் காத்திருக்கு" என்பதை முதல் வாக்கியமாக வைக்கப் பழகினால் கேட்பவர் பாதியில் எழுந்து போக மாட்டார்.

ஆறாவது படி: "இந்த சாம்பிள் ஆகாது" என்று சொல்வது

மாணவர்களுக்கு இது மிகக் கஷ்டம். எதிரில் இருப்பவர் வயதில் மூத்தவர், அவசரத்தில் இருப்பவர், ஏற்கெனவே ஒரு தடவை குத்தி எடுத்தவர். குழந்தையாக இருந்தால் இன்னும் மோசம்.

முதல் விதி, யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம். "நீங்க சரியா எடுக்கல" என்றால் சண்டை. "இந்த நீல மூடி டியூப்ல ரத்தம் கோடு வரைக்கும் வரல சிஸ்டர்" என்றால் செய்தி. இரண்டாவது, காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள்: இந்த நீல மூடி டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) என்ற கணக்கு, ரத்தம் குறைந்தால் சிட்ரேட் அதிகமாகி, உறையும் நேரம் உண்மையில் இருப்பதைவிட நீண்டு காட்டும், அதைப் பார்த்து நோயாளியின் மருந்தை மாற்றிவிடுவார்கள். மூன்றாவது, என்ன வேண்டும் என்று சொல்லி முடியுங்கள், எந்த டியூப், எவ்வளவு, எப்போதைக்குள் அனுப்பினால் எப்போது ரிசல்ட் வரும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைப்பது எதிரில் இருப்பவரை அந்தரத்தில் விடுவது.

பெயர் ஒட்டாத டியூபை "அது அவரோடதுதான், நீங்களே எழுதிக்கோங்க" என்று சொல்வார்கள். எழுதக் கூடாது. இதில் பேரமே இல்லை. "எனக்கு அனுமதி இல்ல, இன்சார்ஜ்கிட்ட பேசறீங்களா?" என்று மேலே தள்ளிவிடுங்கள். ட்ரெய்னியாக இருப்பதில் உள்ள ஒரே சௌகரியம் அதுதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: எழுத்து

ரிஜிஸ்டரில் எழுதுவதும் பேச்சுதான், நாளைக்கு வரப்போகும் ஒருவரோடு பேசுவது. மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையோ, பரிசோதனை மற்றும் அளவுத்திருத்த லேப்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையோ, இரண்டுமே பதிவேடு விஷயத்தில் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதி இனிஷியலும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசுவது, கிறுக்கி மறைப்பது, எட்டை ஒன்பதாக வளைப்பது, இதெல்லாம் நேர்மையாகச் செய்த வேலையைக்கூடச் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

இன்னொரு பழக்கம், கையில் கிடைத்த துண்டுத் தாளிலோ க்ளவுஸின் மேலோ எண்ணை எழுதிவிட்டு "அப்புறம் ரிஜிஸ்டரில் ஏற்றலாம்" என்று விடுவது. செய்யும்போதே, செய்பவரே, அதற்குரிய இடத்தில் எழுத வேண்டும். க்ளவுஸ் குப்பைக்குப் போகும், எண்ணும் கூடவே போகும்.

ரீஏஜென்ட் பாட்டிலைத் திறந்தால் திறந்த தேதியும் இனிஷியலும். நீங்களே கலக்கியதென்றால் பெயர், செறிவு, தேதி, எதுவரை நன்றாக இருக்கும். பெயரில்லாத தெளிந்த திரவம் தண்ணீராகவும் இருக்கலாம், அமிலமாகவும் இருக்கலாம், முகர்ந்து பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து நண்பர்கள் குழுவில் "இந்தக் கவுண்ட்டைப் பாருடா" என்று போடுவது, பெயரை மறைத்தாலும்கூட, செய்யக் கூடாத வேலை. எப்போதாவது ஒரு முறை பெயர் மறைக்க மறந்துபோகும்.

எட்டாவது படி: ஷிஃப்ட் மாறும்போது

வீட்டுக்குப் போகும் அவசரத்தில் "எல்லாம் ஓகே, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்குவோம். எல்லாம் ஓகேவாக இருந்த நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. முடிந்ததைச் சொல்ல வேண்டாம், முடியாததைச் சொல்லுங்கள்: எந்த சாம்பிள் பாதியில் நிற்கிறது, எது சுற்றாமல் ரேக்கில் இருக்கிறது, எத்தனை மணியிலிருந்து இருக்கிறது, எந்த ரிசல்ட்டுக்கு வார்டிலிருந்து திரும்பப் போன் வரும், எந்தக் கருவி முரண்டு பிடிக்கிறது. நேரம் ஏன் முக்கியம் என்றால், சென்ட்ரிஃப்யூஜில் சுற்றாமல் சாதா டியூபில் இருக்கும் ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். "ரேக்ல ஒன்னு இருக்கு" என்பதற்கும் "ரேக்ல 11:15-க்கு வந்த சர்க்கரை சாம்பிள் ஒன்னு சுத்தாம இருக்கு" என்பதற்கும் உள்ள தூரம் அதுதான். சொன்னதை எழுதியும் வையுங்கள். வாங்கிக்கொள்பவர் ரேக்கைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

ஒன்பதாவது படி: தப்பைச் சொல்வது, ஆபத்தைச் சொல்வது

சாம்பிள் இரண்டு மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், வந்த நொடியில் சொல்ல வேண்டும். உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று காத்திருக்கும் அந்த அரை மணியில் ரிப்போர்ட் வெளியே போய்விடும். சொல்லும் விதம்: என்ன நடந்தது, எந்தெந்த சாம்பிள், நான் இதுவரை என்ன செய்தேன், என்ன செய்யவில்லை. "சார், 14-ம் 15-ம் ரேக்ல மாத்தி வெச்சிட்டேன்னு நினைக்கிறேன். ரெண்டும் ஓடிடுச்சு, ரிலீஸ் ஆகல. நான் நிறுத்தி வெச்சிருக்கேன்." மன்னிப்பு, அழுகை, காரணம் எல்லாம் பிறகு. முதலில் செய்தி. திட்டு விழும்தான், ஆனால் தானாக வந்து சொல்பவனை எந்த நல்ல சீனியரும் அதற்கப்புறம் கூடுதலாகவே நம்புவார், இதை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன்.

ஆபத்து என்றால் மரியாதை, வரிசை, காத்திருத்தல் எதுவும் கிடையாது. அமிலம் சிந்தினால் உரக்கச் சொல்லுங்கள், "ஆசிட் சிந்திருச்சு, இந்தப் பக்கம் வராதீங்க!" கண்ணில் பட்டால் "கண்ணுல பட்டுடுச்சு" என்று கத்திக்கொண்டே ஐ வாஷை நோக்கிப் போங்கள், குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், அந்த நேரத்தில் மற்றவர்கள் உதவிக்கு ஆள் கூப்பிடுவார்கள். ஊசி குத்தினால் மறைக்காதீர்கள், தடுப்பு மருந்துக்கு நேரம் கணக்கு உண்டு.

சீனியரே தப்பாகச் செய்கிறார் என்று தோன்றினால்? இதற்கு ஏணி மாதிரி மூன்று படி இருக்கிறது. "சார், எனக்கு ஒரு சந்தேகம், இந்த லாட் காலாவதி ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்." கேட்கவில்லையா, "சார், இதோட ஓட்டறது எனக்குச் சரியாப் படல." அப்போதும் இல்லையா, "சார், இது பேஷன்ட் சேஃப்டி விஷயம், ஒரு நிமிஷம் நிறுத்திப் பாக்கலாமே." ஆளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் பாட்டிலைப் பற்றியே பேசுவதைக் கவனியுங்கள். பத்தில் எட்டு தடவை முதல் படியிலேயே அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிடுவார். சில தடவை நீங்கள்தான் தேதியைத் தப்பாகப் படித்திருப்பீர்கள், அதனால் என்ன.

பத்தாவது படி: வீட்டில் பழகுவது

படித்தால் வராது, வாய் பழக வேண்டும். ஒரு நண்பரோடு முதுகுக்கு முதுகு உட்காருங்கள். நீங்கள் கற்பனையாக எழுதிய இருபது ரிசல்ட்டைப் படியுங்கள், அவர் எழுதட்டும், திருப்பிப் படிக்கட்டும். பிறகு இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். முதல் தடவை எனக்கு இருபதில் மூன்று தப்பு வந்தது, அதில் இரண்டு தசமப் புள்ளி. அடுத்த வாரம் பின்னால் பாட்டோ டிவியோ சத்தமாக ஓடட்டும், நிஜ லேபில் சென்ட்ரிஃப்யூஜ் இரைச்சல் இருக்கும். அதற்கடுத்த வாரம் நண்பர் கோபக்கார வார்டு ஆளாக நடிக்கட்டும், "மறுபடி குத்தணுமா, உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கத்தட்டும். முதலில் சிரிப்பு வரும், ஐந்தாவது தடவை பதில் தானாக வரும்.

தனியாக இருந்தால் செல்போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், நீங்களே சொன்ன எண்களை உங்களாலேயே எழுத முடிகிறதா என்று பாருங்கள். நான் எவ்வளவு வேகமாகப் பேசுகிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பயிற்சிக்கு நிஜ நோயாளிகளின் விவரம் மட்டும் வேண்டாம், எல்லாம் கற்பனைப் பெயரும் எண்ணுமாகவே இருக்கட்டும்.

கூடவே குட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில், தினமும் யாராவது உங்களிடம் "என்ன சொன்ன?" என்று திரும்பக் கேட்ட இடங்களைக் குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் பார்த்தால் ஒரே மாதிரி இடங்கள் திரும்பத் திரும்ப வரும். என் நோட்டில் முதல் மாதம் முழுக்க "மைக்ரோ" என்றே இருந்தது, அந்தச் சொல்லை நான் பாதி விழுங்கிச் சொல்லியிருக்கிறேன், கேட்பவர்களுக்கு அது "மில்லி"யா "மைக்ரோ"வா என்றே தெரியவில்லை.